நீலகிரியில் சரிவு மனையைச் சமப்படுத்தப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு 10 சென்ட் மனை இருக்கிறது. பழைய தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து விற்ற இடம், நல்ல சரிவு. அதைச் சமப்படுத்தித் தர ஓர் ஒப்பந்தக்காரர் முன்பணம் வாங்கினார். அனுமதி வாங்கும் செலவு என்று தனியாகவும் ஒரு தொகை வாங்கினார். "எல்லாம் முடிஞ்சுது சார், ஆர்டர் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல இருக்கு, திங்கக்கிழமை கைக்கு வந்துரும்" என்றவர், சனிக்கிழமை இருட்டிய பிறகு பொக்லைனை இறக்கினார். அலுவலகங்கள் மூடியிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இறக்கியிருக்கிறார்.

அவர் எங்குமே விண்ணப்பிக்கவில்லை. வருவாய்த் துறையினர் வந்து இயந்திரத்தைப் பறிமுதல் செய்தபோதுதான் அது தெரிந்தது. மண்ணை வெட்டியது அவர், நோட்டீஸ் வந்தது பட்டாதாரரான எங்கள் பெயருக்கு. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலகிரியில் பட்டா நிலமாகவே இருந்தாலும், மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் பொக்லைன், ஜேசிபி வைத்து மண் வெட்டக் கூடாது. மலைப்பகுதிகளில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் (HACA) பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி. வெட்டிய மண்ணை லாரியில் வெளியே அனுப்பினால் அதற்கும் கனிமவளத் துறையிடம் போக வேண்டும். வீட்டு வரைபட அனுமதி இதில் எதையும் ஈடுகட்டாது.

வேலையாவது ஒழுங்காகச் செய்தாரா? மேல் பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, அதை அப்படியே கீழ்ப் பக்கம் தேயிலைக் கட்டைகளின் மேல் தள்ளிவிட்டார். வேரையும் புல்லையும் எடுக்கவில்லை. அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கவும் இல்லை. முதலில் கட்டியிருக்க வேண்டிய தடுப்புச் சுவரும் இல்லை, தண்ணீர் வடிய வழியும் இல்லை. வடகிழக்குப் பருவமழை வந்ததும் கொட்டிய மண் கரைந்து, கீழ்வீட்டு அக்காவின் கேரட் பாத்தியை மூடிவிட்டது. அவர் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றது எங்கள் நல்ல காலம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் அருகே தடுப்புச் சுவருக்காக மண் தோண்டிய இடத்தில் இடிபாட்டில் சிக்கி ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். செங்குத்தாக வெட்டிய மண்ணுக்குக் கீழே ஆளை நிறுத்துவது கொலைக்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

அதனால், அனுமதி ஆணையின் நகல் கைக்கு வராமல் இயந்திரத்தை மனைக்குள் விடாதீர்கள். ஆணையில் உங்கள் சர்வே எண்ணும், எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். சமப்படுத்தியே ஆக வேண்டுமா என்று ஒரு கட்டடப் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள். சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக வீடு அமைத்தால் வெட்ட வேண்டிய மண் வெகுவாகக் குறையும்.

ஒப்பந்தக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதேபோல் ஏமாந்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அங்கே போய்விடுங்கள்.