கரண்ட் நிலைக்காத ஊர்ல கியூரிங் மெஷின்: 6 மாச அனுபவம்

ரங்கூன்ல சின்னதா ஒரு பல் லேப், நானும் தம்பியும் மட்டும் தான், மாசத்துக்கு 40 பல் செட்டாவது வேகும். "வேகும்"னா சிரிப்பீங்க, ஆனா சித்தப்பா கிட்ட தொழில் கத்துக்கிட்டப்ப அவர் கியூரிங்னு (அக்ரிலிக்க சுடுதண்ணில வச்சு கெட்டியாக்குறது) ஒரு நாளும் சொன்னதில்ல, "செட்டு வெந்துருச்சா பாருடா"ன்னு தான் கேப்பார். அலுமினிய அண்டா, கேஸ் அடுப்பு, கயித்துல தொங்குற தெர்மாமீட்டர், பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒரு ஆள். அந்த ஸ்டூல்லயே என் பாதி வயசு போச்சு. அதான் காசு சேத்து இந்த டிஜிட்டல் வாட்டர் பாத் வாங்கினேன்.

சைனா சரக்கு. ஸ்டீல் டேங்க், 18 லிட்டர், 1500 வாட், ரெண்டு ஸ்டேஜ் செட் பண்ணலாம், மொதல்ல 74 டிகிரி அப்புறம் 100.

எதுக்கு இந்த 74னு கேட்டா, அக்ரிலிக் பவுடர் மூணு பங்கு லிக்விட் ஒரு பங்கு கலந்து மாவு பதம் வந்ததும் பிளாஸ்டர் அச்சுல அமுக்கி ஃப்ளாஸ்க்க (அந்த அச்சு இருக்கிற உலோகப் பெட்டி) கிளாம்ப் போட்டு இறுக்கிடுவோம். பவுடர்ல பென்சாயில் பெராக்சைடுன்னு கெட்டியாகுறத தொடங்கி வைக்கிற மருந்து இருக்கு, 60 டிகிரி தாண்டினா தான் அது வேலைய ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா அக்ரிலிக் தானாவே சூடு கக்கும். அந்த நேரம் வெளிய தண்ணியும் கொதிச்சிட்டிருந்தா உள்ள 100.8 தாண்டி லிக்விட் கொதிச்சுடும், ஆவி போக வழியில்லாம அங்கயே குமிழா நின்னுடும். மெல்லிசா இருக்கிற அண்ணம் பெரும்பாலும் தப்பிச்சுடும், கீழ் செட்டுல நாக்குப் பக்கம் தடிமனா இருக்குமே அங்க தான் ஆப்பம் மாதிரி ஓட்டை. ஓட்டை விழுந்த செட்டு வெத்தலை போடுற வாய்க்கு போனா கறை ஏறி நாறும், வெத்தலை போடாத தாத்தாவ ரங்கூன்ல நான் எங்க போய் தேடுறது.

இந்த விஷயத்துல மெஷின குறை சொல்ல மாட்டேன். 6 மாசத்துல ஓட்டை விழுந்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் மாவு பதம் வர்றதுக்குள்ள நான் அவசரப்பட்டு அமுக்கினது. ஆனா டிஸ்ப்ளேய நம்பாதீங்க, 74னு காட்டுறப்ப பழைய தெர்மாமீட்டர விட்டு பாத்தா 78. நான் 70ல வச்சு ஓட்டுறேன்.

டவுன்ஜில இருக்கிற கூட்டாளியும் இதே மாடல் வாங்கி மண்டைய பிச்சுக்கிட்டான். அந்த ஊரு 1400 மீட்டர் உயரம், தண்ணி 95லயே கொதிச்சுடும், மெஷின் 100க்கு காத்துக்கிட்டே நிக்குது, ரெண்டாவது ஸ்டேஜ் டைமர் ஓடவே ஆரம்பிக்கல. இப்ப 93ல வச்சு ஓட்டுறான்.

பெரிய பிரச்சனை கரண்ட் தான். கரண்ட் போய் வந்தா மெஷின் எல்லாத்தையும் மறந்துடுது, 00:00னு மினுக்கிக்கிட்டு நிக்கும், யாராவது போய் பட்டன அமுக்கணும். தெருவுல பசங்க "மீ லா பீ"ன்னு (கரண்ட் வந்துருச்சுன்னு பர்மிய மொழியில) கத்துனா எல்லாரும் தண்ணி மோட்டார் போட ஓடுவாங்க, நான் மெஷினுக்கு ஓடுவேன். ஒரு தடவை ராத்திரி 8 மணி நேர சைக்கிள் போட்டுட்டு தூங்கிட்டேன், நடுவுல எப்பவோ கரண்ட் போயிருக்கு, விடிஞ்சு பாத்தா தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. அன்னைக்கு டெலிவரி. 74ல ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கொதிக்க விடாம எடுத்து பாலிஷ் பண்ணி குடுத்துட்டேன், பாக்க பளபளன்னு தான் இருந்துச்சு. ரெண்டு நாள்ல தாத்தா திரும்பி வந்தார், "தம்பி, வாயெல்லாம் எரியுதுப்பா". சேராத லிக்விட் உள்ளயே தங்கி வாய்ல கசிஞ்சிருக்கு. கடைசி கொதி அதுக்கு தான், ஒழுங்கா வெந்த செட்டுல அது அரை பர்சன்ட்டுக்கு மேல இருக்காது. புது செட்டு செஞ்சு குடுத்தேன், காசு கேக்க வாய் வரல.

வீட்டு இன்வர்ட்டர் 1500 வாட்ட தாங்காது, ஜெனரேட்டருக்கு ஊத்துற எண்ணெய்க்கு செட்டுல லாபமே நிக்காது. ஷார்ட் சைக்கிள் கணக்கு போட்டு பாத்தேன்: தண்ணி சூடாக 50 நிமிஷம், 74ல 2 மணி நேரம், கொதி வர அரை மணி, கொதி 1 மணி நேரம். மொத்தம் 4 மணி 20 நிமிஷம். எங்க தெருவுல கரண்ட் ஒரு தடவைக்கு 4 மணி நேரம் தான், வந்தா. அந்த 20 நிமிஷத்துக்காக சித்தப்பாவோட அண்டா பரண்ல இருந்து இறங்கிடுச்சு. 74 வரைக்கும் மெஷின், கடைசி கொதி கேஸ்ல. டேங்க சுத்தி பழைய கம்பளி கட்டியிருக்கேன், கரண்ட் போனாலும் ஒரு மணி நேரத்துல 8 டிகிரி தான் இறங்குது.

ஃப்ளாஸ்க்க எடுத்ததும் குழாயடில பிடிக்காதீங்க, செட்டு கோணிக்கும். அரை மணி வெளிய ஆறட்டும், அப்புறம் தண்ணி. ஹீட்டர் மேல பிளாஸ்டர் தூள் படியும், நான் வாரம் ஒரு தடவை சுரண்டிடுறேன்.

வாங்கப் போறவங்க கடையிலயே மெஷின ஓடவிட்டு, பிளக்க பிடுங்கி திருப்பி மாட்டி காட்டச் சொல்லுங்க. விட்ட இடத்துல இருந்து ஓடுனா வாங்குங்க, 00:00 வந்தா அண்டாவ விக்காதீங்க.