அமெரிக்கச் சமையலறைக்கு 110 வோல்ட் கிரைண்டர்: வாங்கலாமா?

இந்தியக் கடையில் டப்பாவில் விற்கும் மாவில் தோசை தாராளமாக வரும். இட்லிதான் பல சமயம் தட்டையாக உட்கார்ந்துவிடும். மிக்சியில் அரைத்தாலும் கிட்டத்தட்ட அதே கதை: பிளேடு வேகத்தில் உளுந்து சூடாகும், காற்று ஏறாது. வாரம் ஒருமுறையாவது இட்லி வேகும் வீடென்றால் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் காசுக்குத் தகும். தோசை மட்டும் போதும் என்பவர்கள் மிக்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்குமுன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் வரும் கிரைண்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றித் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாக ஓடும். மாவு தெறிக்கும், சூடும் ஏறும். போதாக்குறைக்கு, கல்லோடு சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல் போகும் பெட்டி.

அளவு: இட்லி அரிசி 4 கப், தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசி 5 மணி நேரம், உளுந்தும் வெந்தயமும் 2 மணி நேரம் ஊறட்டும். கிரைண்டரை ஓடவிட்ட பிறகே உளுந்தைப் போட வேண்டும், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக. மொத்தமாகக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் கல்லுக்கடியில் பருப்பு சிக்கி டிரம் நிற்கும், பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாடை வரும். ஐஸ் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசியை நைசாக விடாதீர்கள், விரலில் மெல்லிய ரவை தட்டுப்படும்போதே வழித்துவிடுங்கள்.

மாவு பொங்கவில்லை என்று கிரைண்டரைத் திட்டுபவர்கள் பலர். பாவம், அது என்ன செய்யும்? குளிர்காலத்தில் வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ்தான். மாவுக்கு வேண்டியது 28, 30. ஓவனை எரியவிடாமல் உள்விளக்கை மட்டும் போட்டு மாவை வைத்தால் 10, 12 மணி நேரத்தில் பொங்கும். விளக்கு எல்இடி என்றால் இது பலிக்காது, அதில் சூடே இராது. கதவில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள், இல்லையென்றால் யாராவது பீட்சாவுக்கு ஓவனை முடுக்கிவிடுவார்கள். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார குக்கரில் இருக்கும் தயிர் பொத்தானும் உதவும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், தட்டு போட்டு மூடி, எட்டு மணி நேரத்திலேயே எட்டிப் பாருங்கள். அதில் சூடு கொஞ்சம் கூடுதல், விட்டால் புளித்துப்போகும்.

குறை என்றால் கழுவுவதுதான். கற்கள் சுழலும் தண்டுக்குள் மாவு காய்ந்துவிட்டால் அடுத்த வாரம் கல் சுற்றாது, கீச்சிடும். மாவை வழித்ததும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தத் தண்ணீரை சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் மாவு படிந்து அடைக்கும். தோசைக்கு மாவு கரைக்க எடுத்துவையுங்கள்.