சில்வர் பவுச் வாங்கப் போகிறீர்களா? சாம்பிளை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டிலேயே பொடி, தட்டை, முறுக்கு, காபித்தூள் என்று செய்து விற்பவர்களுக்காக இந்தப் பதிவு. தீபாவளி ஆர்டருக்குப் பாரிமுனைப் பக்கம் பவுச் வாங்கப் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சாம்பிளாக ஒரு சரக்கைக் கையில் கொடுத்து, கட்டில் வேறு சரக்கைப் போட்டு அனுப்புகிறார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நானும் என் அண்ணியும் மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைச் செய்கிறோம். பருப்புப் பொடி, எள்ளு இட்லிப் பொடி, தேங்காய்ப் பொடி, அப்புறம் தட்டையும் ரிப்பன் பக்கோடாவும். எள்ளிலும் தேங்காயிலும் எண்ணெய் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். தட்டைக்கு ஈரம் ஆகாது. சென்னைக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசி மாதத்தில் உப்பு ஜாடிகூடக் கசியும். பண்டம் எவ்வளவு பக்குவமாக வந்தாலும் நல்ல பவுச் இல்லாவிட்டால் அத்தனை பாடும் வீண்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லாததால் பாரிமுனைத் தெரு ஒன்றில் வேறு கடைக்குப் போனோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. கேட்ட உடனே ஒரு பவுச்சை எடுத்துக் காட்டினார்கள். மேட் ஃபினிஷ், வெள்ளி நிறம், ஜிப் வைத்தது. "மூணு லேயர் மெட்பெட் அக்கா, 100 மைக்ரான். சாட்டிலைட்டுக்குச் சுத்துறாங்களே, அதே ஐட்டம். ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் அங்கே இருந்த தம்பி. நாங்கள் சும்மா நம்பி வரவில்லை. சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டையைப் போட்டு சீல் வைத்து, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துப் பார்த்தோம். பிரித்தபோது மொறுமொறுப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆர்டர் கொடுத்தோம்.

மெட்பெட் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால்தான் அவர்கள் எங்கே கைவைத்தார்கள் என்பது புரியும். அலுமினியம் படிந்த பாலிஸ்டர் படலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய கலத்துக்குள், தகிக்கும் செராமிக் தட்டுகளின்மேல் அலுமினியக் கம்பியை விட்டுக்கொண்டே இருப்பார்கள். அது உருகி ஆவியாகும். அந்த ஆவி, குளிர்ந்த உருளையை ஒட்டி வேகமாக ஓடும் பாலிஸ்டர் சுருளில் பட்டு உறையும். அப்படிப் படியும் அலுமினியத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. ஃபாயில் பவுச்சில் வரும் அலுமினியத் தகடு 7 முதல் 9 மைக்ரான் வரை இருக்கும், அதாவது நூறு மடங்குக்கும் மேல். ஆனாலும் இந்த மெல்லிய பூச்சு செய்யும் வேலை பெரியது. 38 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம் என்ற சோதனைக் கணக்கில், 12 மைக்ரான் சாதா பாலிஸ்டர் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 40, 50 கிராம் நீராவி கடந்துவிடும். அதன்மேல் அலுமினியம் படிந்திருந்தால் அது ஒரு கிராம் பக்கம் இறங்கிவிடும். ஆக்சிஜனுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரியான வித்தியாசம்தான். வெளிச்சத்திலும் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே விடும். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளியாக மின்னுவது இதற்காகத்தான்.

இந்தப் பொருள் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டு சீலிங் ஃபேனின் கண்டென்சருக்குள் சுருட்டி வைத்திருப்பதும் உலோகம் படிந்த பிளாஸ்டிக் படலம்தான். அதில் எங்காவது ஒரு புள்ளியில் மின்சாரம் துளைத்துவிட்டால், அந்தத் துளையைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி விலகிவிடும், கண்டென்சர் தொடர்ந்து வேலை செய்யும். விலை குறைந்த ஜரிகையும் பல சமயம் இதே பாலிஸ்டர் படலத்தை இழை இழையாகக் கீறியதுதான். அந்தத் தம்பி சொன்ன சாட்டிலைட் கதையும் முழுப் பொய் இல்லை. செயற்கைக்கோளைச் சுற்றித் தங்கத் தாள் மாதிரி தெரிவது பெரும்பாலும் பாலிஇமைடு என்ற, சூடு தாங்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் படலம், அதன் பின்பக்கத்தில் அலுமினியம் படிந்திருக்கும். ஆனால் அங்கே அதைப் பல அடுக்காகப் போடுவது வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கு. நம் பவுச்சுக்கு வேண்டியது ஈரத்தையும் காற்றையும் தடுப்பது. சாட்டிலைட் பெயரைச் சொல்லி யாராவது பவுச் விற்றால், அது எத்தனை லேயர், ஒவ்வொரு லேயரும் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டு வந்து சேர்ந்தது. மேலே இருந்த பவுச்சுகள் சாம்பிள் மாதிரியே இருந்தன. கொஞ்ச நாளில் அண்ணிதான் முதலில் சொன்னாள், "சீலர்ல எப்பவும் வைக்கற சூடுதான் வைக்கறேன், ஓரம் சுருங்கிச் சுருங்கிப் போகுது பாரு." ஜிப்புக்கு மேலே சீல் போடும் இடத்தில் கோடு நேராக விழாமல் நெளிந்து, சில இடத்தில் உருகி ஓட்டையாகவே ஆகியிருந்தது. கடைக்கு போன் செய்தோம். "புது லாட் அக்கா, சூட்டைக் கொஞ்சம் குறைச்சு வையுங்க, சரியாயிடும்" என்றார்கள். குறைத்து வைத்தோம், சீல் ஆனது. ஆனால் உள்ளே இருக்கும் பாலித்தீன் லேயர்தான் உருகி சீல் ஆகிறது. அது சுருங்குகிறது என்றால் லேயர் மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் சூட்டைக் குறைக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் புகார்தான். தாம்பரத்தில் எங்களிடம் ரொம்ப நாளாக வாங்கும் ஒரு மாமி போன் செய்து, "தட்டை நமுத்துப் போயிருக்கும்மா, உங்க கைப்பக்குவம் இப்படி இருக்காதே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நங்கநல்லூர் கடையிலிருந்து தேங்காய்ப் பொடியை மொத்தமாகத் திருப்பி அனுப்பினார்கள். பிரித்ததுமே சிக்கு வாடை மூக்கில் ஏறியது. இட்லிப் பொடி அடியில் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. தேதிப்படி எல்லாம் இன்னும் நிறைய நாள் தாங்க வேண்டியவை.

அம்பத்தூரில் சொந்தமாக லேமினேஷன் யூனிட் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் போனில் சொன்னேன். "ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு பவுச்சுக்குள்ள விட்டுப் பாரும்மா" என்றார். முதலில் நாங்கள் எடுத்து வைத்திருந்த பழைய சாம்பிளில் பார்த்தோம். டார்ச் இருக்கும் இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மற்றபடி பவுச் இருட்டாகவே இருந்தது. அடுத்து, கட்டின் நடுவிலிருந்து உருவிய பவுச்சுக்குள் அதே போனை விட்டோம். பவுச் முழுவதும் பால் நிறத்தில் ஒளிர்ந்தது, மேசைமேல் கிடந்த கத்தரிக்கோல்கூட அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அது மெட்பெட்டே இல்லை. வெள்ளி மை அடித்த சாதா பாலிஸ்டரும் உள்ளே மெல்லிய பாலித்தீனும்தான்.

வெள்ளி மையிலும் அலுமினியம் இருக்கும். நுணுக்கிய அலுமினியச் செதில்களைப் பிசினில் கலந்துதான் அந்த மையைச் செய்கிறார்கள். அதனால் "அலுமினியம் இருக்கு" என்று கடைக்காரர் துணிந்து சொல்லலாம். ஆனால் செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே இருப்பது பிசின், நீராவி அந்த வழியாகப் போய்விடும். பளபளப்பு அதே, பாதுகாப்பு மட்டும் இல்லை.

எடை போட்டும் பார்த்தோம். ஏலக்காய் நிறுக்க வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். பவுச்சிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி நிறுங்கள். 12 மைக்ரான் பாலிஸ்டர், 12 மைக்ரான் மெட்பெட், 75 மைக்ரான் பாலித்தீன் என்று மூன்று லேயர் இருந்தால் ஒட்டும் பசையையும் சேர்த்து ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டும். எங்கள் சாம்பிள் தாண்டியது. கட்டில் வந்தது முக்கால் கிராமைக்கூடத் தொடவில்லை. பீஸ் கணக்கில் விலை பேசியிருந்ததால், எடையில் குறைந்ததெல்லாம் அவர்களுக்கு லாபம்.

இரண்டு பவுச்சையும் எடுத்துக்கொண்டு நேரில் போனோம். அந்தத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கல்லாவில் இருந்த பெரியவரிடம் அங்கேயே டார்ச் அடித்துக் காட்டினேன். "பில்லுல சில்வர் பவுச்னுதானே போட்டிருக்கு? சில்வராத்தானே இருக்கு? பிரிச்ச கட்டை எடுத்துக்க மாட்டோம்மா" என்றார். நாங்கள் மூணு லேயர் மெட்பெட் என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தோம். பில்லில் வெறும் 'சில்வர் பவுச்' என்று எழுதியது அவர்கள். உணவில் படும் பொருள் என்பதற்கான டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டதற்கு, செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். அதில் இருந்தது வேறு ஏதோ கம்பெனியின் பெயர். இது சின்ன விஷயம் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகளின்படி, பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள் சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அச்சடித்த பக்கம் உணவில் படவும் கூடாது. சாப்பிடும் பண்டத்தை அடைக்கும் பையைப் பற்றிய கேள்விக்கு யாரோ ஒருவருடைய காகிதத்தைக் காட்டுவதை எப்படி மன்னிப்பது?

எங்களுக்குப் போனது பவுச் காசு மட்டும் இல்லை. ஒட்டிய லேபிள், திரும்பி வந்த பண்டம், நங்கநல்லூர் கடையில் இருந்த இடம் எல்லாம் போனது. மீந்த பவுச்சைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட வேண்டாம் என்றுவிட்டார். வெவ்வேறு பிளாஸ்டிக்கைச் சேர்த்து ஒட்டிய சரக்கைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கஷ்டம், அதனால் அதற்கு விலையே இல்லை. குப்பையில் போடவும் மனம் வராமல் மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறோம்.

இனி வாங்குபவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே பில்லில் 'பெட் 12, மெட்பெட் 12, எல்டி 75' என்று லேயர் வாரியாக, மைக்ரான் கணக்கோடு எழுதி வாங்குங்கள். பெட் என்பது சாதா பாலிஸ்டர், எல்டி என்பது உள்ளே வரும் பாலித்தீன். எழுத மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். சாம்பிள் பவுச்சின்மேல் கடை முத்திரையும் தேதியும் போடச் சொல்லி ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சாம்பிள் இருந்ததால்தான் இவ்வளவும் பேச முடிந்தது. ஃபாயில் என்று சொல்லி அதற்கான விலையில் விற்றால் மடித்துப் பாருங்கள். ஃபாயில் மடித்த இடத்தில் மடிப்பு அப்படியே நிற்கும், மெட்பெட் மெல்ல விரிந்துகொள்ளும். டார்ச்சுக்கு ஃபாயில் துளி வெளிச்சம்கூட விடாது. விட்டால் அது ஊசித்துளை. இன்னொன்று, நல்ல மெட்பெட் பவுச்சையும் கசக்கி மூட்டையில் திணிக்காதீர்கள். மடிந்து இழுபடும் இடத்தில் அந்த மெல்லிய பூச்சு விரிசல் விட்டுவிடும்.

"தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் கோர்ட்டுல எடுக்க மாட்டாங்க" என்று அந்தப் பெரியவர் எங்களைப் பயமுறுத்தினார். அது எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று கருதக் கூடாது என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்தோம். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். சாம்பிளையும் கட்டில் வந்த பவுச்சையும் கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், அறிக்கை கைக்கு வந்ததும் ஆணையத்தில் மனுவைச் சேர்க்கப் போகிறோம்.

இதே மாதிரி கட்டு உங்கள் வீட்டிலும் வந்து கிடந்தால், மேலே இருப்பதை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவி இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். சரியில்லை என்றால் மிச்சத்தைப் பிரிக்காமல் பில்லோடு வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். எங்களுடைய புகாரோடு உங்களுடையதும் சேர்ந்தால், லாட் மாறிவிட்டது என்று அவர்களால் சொல்லித் தப்பிக்க முடியாது.