தீவைத் தீவாகக் காட்டிய வேன்: திருவரங்கத்து வாடகை வண்டிச் சேவை பற்றிய அனுபவம்

மும்பையிலிருந்து வரும் என் அத்தையும் அவருடைய மகன் குடும்பத்தாரும் திருவரங்கத்துக்கு இதுவரை ஐந்து முறையாவது வந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அரங்கநாதர் பெரிய கோயில், அம்மா மண்டபம், திருவானைக்காவலில் அகிலாண்டேஸ்வரி தரிசனம், அங்கேயே பார்த்தசாரதி விலாசில் நெய் தோசை என்ற அதே சுற்றோடு ஊர் திரும்பிவிடுவார்கள். நாங்கள் குடியிருப்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஒரு தீவு என்பது அவர்களுக்குக் கேள்விப்பட்ட செய்தியே தவிர, கண்ணால் கண்டதல்ல. நெடுநாளாக எனக்கிருந்த இந்தக் குறையைச் சென்ற ஆவணியில் தீர்த்துவைத்தது, எங்கள் வீட்டுக்கு அருகில் பெயர்ப் பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு சிறிய வாடகை வண்டி நிலையம்.

நாங்கள் ஏழு பேர். பன்னிரண்டு இருக்கை வேன், 80 கிலோமீட்டர், 4,200 ரூபாய் என்று முதல்நாள் மாலை தொலைபேசியில் பேசி முடித்தேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சொன்னபடி வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். தீவின் கிழக்கிலுள்ள உத்தமர்சீலியில் பிறந்து வளர்ந்தவர். வழக்கமான இடங்கள் வேண்டாம், எங்கள் ஊரின் அமைப்பே இவர்களுக்குப் புரிய வேண்டும் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப மொதல்ல ஆறு பிரியற எடத்தப் பாத்துடுவோம்மா, கடைசியா கல்லணைக்குப் போவோம்” என்றார். அந்த வரிசையை நான் யோசித்திருக்கவில்லை. அன்றைய நாளின் பயன் முழுவதும் அந்த வரிசையில்தான் இருந்தது.

கரூர் சாலையில் கம்பரசம்பேட்டை, ஜீயபுரம் வழியாக முக்கொம்புக்குப் போனோம். பெரும்பாலும் எல்லோரும் பூங்காவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் இடம் அது. அவர் எங்களை மதகுகளின் அருகே நிறுத்தி, அகன்று வரும் ஒரே ஆறு இரண்டாகப் பிரிவதை முதலில் பார்க்கச் சொன்னார். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. தடுப்பு இல்லாவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து கடலுக்குப் போய்விடும், தஞ்சை வயல்களுக்குப் போதிய நீர் கிடைக்காது. அதற்காகவே 1836-இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டப்பட்டது. 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்ததையும், அதன் பிறகு புதிய கதவணை எழுந்ததையும் அவர் இடத்தைக் காட்டியே விளக்கினார். பொறியியல் படிக்கும் அத்தை பேரன், அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்தவன், அடுத்த அரை மணி நேரம் அவரை விட்டு நகரவில்லை.

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. எங்களில் சின்னவளுக்காகப் போனோம், அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. காட்டழகிய சிங்கர் கோயிலில் அத்தைக்கு நிதானமான தரிசனம் கிடைத்தது. விஜயதசமியன்று பாரிவேட்டை என்னும் வேட்டை உற்சவத்துக்கு அரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் எழுந்தருளும் கோயில் அது. மற்ற நாட்களில் கூட்டம் குறைவு.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது பிற்பகலைப் பற்றி. திருவானைக்காவலிலிருந்து கல்லணை செல்லும் சாலை, காவிரியின் வடகரையை ஒட்டித் திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று தீவின் உடல் முழுவதையும் கடந்து போகிறது. இருபுறமும் வாழை. ஓட்டுநர் தமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அனுமதி பெற்று எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி ஆகியவற்றைத் தாரைப் பார்க்காமல் மரத்தைக் கொண்டே எப்படி இனம் பிரிப்பது என்று காட்டினார். இலைக்குப் பூவன்தான் நல்லது, மடித்தால் சட்டென்று கிழியாது என்றார். காற்றுக்குச் சாயாமல் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்திருப்பதையும், அறுத்த மரத்தின் மட்டையிலிருந்து நார் உரிப்பதையும் பார்த்த அத்தை, காலையில் தாம் சாத்தார வீதியில் வாங்கிய மாலை கட்டியிருந்த நாரை எடுத்து இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “இவ்வளவு வருஷமா வந்து போறேன் தம்பி, இதை யாரும் எனக்குக் காட்டலியே” என்று அவர் ஓட்டுநரிடம் சொன்னபோது, அதில் என் பங்கும் இருப்பதை உணர்ந்தேன்.

மாலை நான்கு மணிக்குக் கல்லணை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அணையை அவர்கள் படத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் காலையில் முக்கொம்பைப் பார்த்துவிட்டு வந்ததால் இப்போது வேறொன்று புலப்பட்டது. பிரிந்துபோன இரண்டு ஆறுகளும் இங்கே மறுபடி நெருங்கி வருகின்றன. இரண்டையும் இணைக்கும் உள்ளாறு வழியாகக் காவிரி மீண்டும் தாழ்ந்த கொள்ளிடத்துக்குள் விழப் பார்க்கிறது. அதைத் தடுத்துக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தண்ணீரைத் திருப்பவே அன்று கல்லணை எழுந்தது. 1934-இல் கல்லணைக் கால்வாயும் சேர்ந்துகொண்டது. அதாவது, எங்கள் தீவின் இரண்டு முனைகளிலும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், இரண்டு அணைகள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. இதைப் பேரன்தான் முதலில் சொன்னான். நான் பிறந்த ஊரைப் பற்றி மும்பைப் பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வேனின் படி மிக உயரம். எழுபத்து நான்கு வயது அத்தையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவர் தாங்கி ஏற்ற வேண்டியிருந்தது, ஒரு சிறு முக்காலி வைத்திருந்தால் போதும். கடைசி வரிசைக்குக் குளிர்காற்று எட்டவில்லை. ஓட்டுநருக்கான பேட்டா 400 ரூபாய் தனி என்பதை முன்பதிவின்போது நிலையத்தார் சொல்லவில்லை, இறங்கும்போதுதான் தெரிந்தது. அந்தத் தொகை ஓட்டுநருக்கே சேருவதால் மனமுவந்து கொடுத்தேன். ஆனாலும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது நிலையத்தாரின் கடமை.

வண்டிக்காக மட்டும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட நல்ல வண்டிகள் திருச்சியில் எத்தனையோ உண்டு. உள்ளூரில் பிறந்த, ஆறு தெரிந்த ஓட்டுநரைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் இறங்க வேண்டும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. எனவே ஆடி தொடங்கி மார்கழி வரை போனால் ஓடும் தண்ணீரைப் பார்க்க வாய்ப்பு அதிகம். பங்குனியில் போனால் மணல்தான் மிஞ்சும். அத்தைக்கு அந்த மணலையும் பார்க்க வேண்டுமாம். வரும் பங்குனிக்கு அதே ஓட்டுநரையே சொல்லி வைத்திருக்கிறேன். முக்காலியை நாங்களே வீட்டிலிருந்து எடுத்துச் செல்வோம்.