பாலாற்றுக்கு அக்கரை: காந்தி நகரில் பூட்டிய வீட்டுக்கு வருகிறவர்களுக்கு

சிட்னியில் மோஸ்மன் என்றால் துறைமுகத்தின் வடகரை, வசதியானவர்கள் வாழும் பகுதி. 1830களில் ஆர்ச்சிபால்ட் மோஸ்மன் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்காகத் துறை அமைத்த குடா அது. 1932இல் சிட்னி துறைமுகப் பாலம் திறக்கும்வரை நகரத்துக்குப் போக வரப் பெரும்பாலும் ஃபெர்ரிதான். இன்றும் ஃபெர்ரி ஏறி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கிருந்து வருகிறவருக்குக் காட்பாடி காந்தி நகர் சட்டென்று பிடிபடும். இதுவும் வேலூருக்கு அக்கரைதான். 1954இல் தொடங்கிய ஆக்சிலியம் கல்லூரி, மரநிழல் தெருக்கள், தனி வீடுகள், பிள்ளைகள் வெளிநாட்டில். நடுவில் இருப்பது மட்டும் கடல் அல்ல, பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாறு. 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியது.

சென்னை விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து ரயிலில் காட்பாடி, சுமார் 130 கி.மீ. ரயில் சில நிமிடமே நிற்கும். திருவலம் தாண்டியதுமே பெட்டிகளை வாசலுக்கு நகர்த்திவிடுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் காலை அப்பாயின்ட்மென்ட் இருந்தால் தூரத்தைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். பள்ளி நேரத்தில் பாலாற்றுப் பாலமும் கிரீன் சர்க்கிள் சந்திப்பும் அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைத் திறந்ததும் நாற்றமும் கரப்பானும் வந்தால் பதற வேண்டாம். பாத்ரூம் நானி ட்ராப்பில், அதாவது தரை வடிகாலின் கிண்ணத்தில், நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும், சாக்கடைக் காற்று நேரே மேலே வரும். ஒவ்வொன்றிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். போர் மோட்டார்தான் பெரிய தலைவலி. சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்' என்று உறுமி, தண்ணீர் வராவிட்டால் உடனே அணையுங்கள். விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். மாதக்கணக்கில் ஓடாததால் உப்புப் படிந்து இறுகியிருக்கலாம், ஸ்டார்ட்டர் பெட்டியில் கப்பாசிட்டர் போயிருக்கலாம். முதலில் கப்பாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். அதைப் பார்க்காமலே குழாயைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓடத் தொடங்கியதும் வரும் செங்கலங்கல் தண்ணீரை மேல்தொட்டிக்கு விடாமல் வெளியே விடுங்கள். ஊருக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவி கொடுத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதை ஆன்லைனில் நீங்களே கட்டிவிடுங்கள்.

விற்பதாக இருந்தால் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் கிளம்பும் முன்பே இணையத்தில் பாருங்கள். பட்டா இன்னும் மறைந்த அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றுக்கே உங்கள் விடுமுறை போதாது. நேரில் வர முடியாவிட்டால், உங்கள் சார்பில் இன்னொருவர் விற்க அங்கேயே இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். ஆனால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். பலர் பத்திரத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்; வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.