பசங்களுக்கு பில்டிங் பிளாக்ஸ் மலிவா எங்க கிடைக்கும்? நாராயண முதலி தெரு ரிவ்யூ, கூடவே கொஞ்சம் ஆன்லைன் ஆஃபர் கதை

நம்ம ஏரியா ஆளுங்களுக்கு பிளாக்ஸ் வாங்க ரெண்டு வழிதான். ஒன்னு போன்ல ஆஃபர் வர்ற வரைக்கும் நோண்டிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா சென்னை மெட்ரோல ஹைகோர்ட் ஸ்டேஷன்ல எறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியா சவுகார்பேட்டைக்குள்ள பூந்துடணும். நான் ரெண்டையும் பண்றவன், என் ஓட்டு தெருவுக்குதான், ஆனா எல்லாத்துக்கும் இல்ல, அது எதுக்குன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூ.

நாராயண முதலி தெரு தெரியாதவங்களுக்கு: சவுகார்பேட்டைல பொம்மை, பேன்சி, பேக்கு, பர்த்டே ஐட்டம் எல்லாம் ஹோல்சேல்ல போற இடம். நடக்க இடம் இருக்காது, மீன்பாடி வண்டில அட்டைப்பெட்டியை மலை மாதிரி ஏத்திக்கிட்டு "ஓரம் ஓரம்"னு வந்துட்டே இருப்பாங்க, பைக்ல போனா பார்க்கிங்குக்கே பாதி நாள் போயிடும். குழந்தையை கூட்டிட்டுப் போகாதீங்க, கூட்டத்துக்காக மட்டும் சொல்லல, அது கை காட்டுற ஒவ்வொரு ரிமோட் காருக்கும் நீங்க பதில் சொல்லணும்.

கடைக்குள்ள போனா முதல் கேள்வியே "இன்னாண்ணே, ஒன்னா, டஜனா?"ன்னுதான். ஒன்னு எடுத்தா ஒரு ரேட்டு, அரை டஜன் எடுத்தா வேற ரேட்டு, சில கடைல சிங்கிள் பீஸே தர மாட்டாங்க. எங்க பில்டிங்ல மூணு நாலு வீட்டு அக்காங்க சேர்ந்து ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சுப்போம், அப்பதான் இந்த தெருவுக்கு வந்ததுக்கு அர்த்தம். ஒத்தையா ஒரு டப்பாவுக்காக வர்றீங்கன்னா பக்கத்து ஸ்டேஷனரி கடைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அலைச்சல்தான் மிச்சம்.

இங்க எனக்குத் தெரிஞ்ச பெஸ்ட் டீல் பெரிய பாக்ஸ் கிடையாது, ரிட்டர்ன் கிஃப்ட் பாக்கெட். பர்த்டேக்கு குடுக்குறதுக்குன்னு குட்டி குட்டி கவர்ல காரு, ரோபோன்னு பிளாக்ஸ் செட்டு டஜன் கணக்குல வரும். ஒரே கம்பெனி, ஒரே சைஸ் கல்லுதான் (பிளாக்கைத்தான் கல்லுன்னு சொல்றேன்) எல்லாத்துலயும் இருக்கும். ஒரு டஜனைப் பிரிச்சு ஒரே டப்பால கொட்டினா பெரிய செட்டு ரெடி, அதுலயும் சக்கரம், ஜன்னல் மாதிரி பெரிய செட்டுல கஞ்சத்தனமா நாலே நாலு வைக்கிற ஐட்டமெல்லாம் நிறைய கிடைக்கும். பெரிய டப்பான்னா அட்டையும் உள்ள இருக்கிற காத்தும்தான் பாதி.

வாங்குறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க, சாம்பிள் ஒன்னு பிரிச்சு காட்டுன்னா காட்டுவாங்க. பத்து கல்லு மேல மேல அடுக்கி, மேல இருக்கிறதை மட்டும் ரெண்டு விரல்ல புடிச்சு தூக்குங்க. நடுவுல புட்டுக்கிட்டு விழுந்தா வேணாம்னு வச்சிடுங்க, வீட்ல குழந்தை கட்டுற எல்லாமே அப்படித்தான் விழும், அப்புறம் மூணு நாள்ல அந்த டப்பா கட்டிலுக்கு அடில போயிடும். ரொம்ப டைட்டா இருந்தாலும் தொல்லைதான், பல்லால கடிச்சு பிரிப்பாங்க. ஓரத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க, பிசிறு இருந்தா கையில மாட்டும். அப்புறம் வீட்ல ஏற்கனவே இருக்கிற கல்லுல ஒன்னை பாக்கெட்ல போட்டுக்கிட்டு போங்க, இது ரொம்ப முக்கியம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பொருத்தினா சேராது, அரை மில்லிமீட்டர்ல ஆட்டம் காட்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு அது கட்டாயம். முத்திரைக்குப் பக்கத்துல சிஎம்/எல்னு ஒரு நம்பர் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்ல (இந்த முத்திரை குடுக்குற அரசு அமைப்போட ஆப்) போட்டா எந்த கம்பெனி லைசென்ஸ்னு காட்டிடும், கடை வாசல்ல நின்னே பார்த்துடலாம். பிளாட்பாரத்துல பிளாஸ்டிக் பைல கட்டி விக்கிற லூஸ் பீஸ்ல இதெல்லாம் இருக்காது, விலை எவ்ளோ கம்மின்னாலும் நான் தொடமாட்டேன், நாத்தமே காட்டிக் குடுத்துடும். மூணு வயசுக்குக் கீழ புள்ளைங்க இருக்கிற வீடுன்னா பெரிய சைஸ் கல்லு மட்டும் வாங்குங்க, சின்னது நேரா வாய்க்குத்தான் போகும்.

இப்ப லெகோ, அதாவது பிளாக்ஸுக்குப் பேர் போன டென்மார்க் கம்பெனி. இந்த தெருவுல ஒரிஜினல் லெகோ தேடாதீங்க, பேர்ல ஒரு எழுத்து மாத்தி இருக்கும். ஒரிஜினலுக்கு ஆன்லைன்தான். பொம்மை இறக்குமதிக்கு சுங்க வரி 2020ல 20ல இருந்து 60 சதவீதம், 2023ல 70னு ஏத்திட்டாங்க, அதனால வெளிநாட்டு விலையோட கம்பேர் பண்ணி வயிறு எரியாதீங்க. ஆன்லைன்ல குறுக்க கோடு போட்டு அடிச்சுக் காட்டுற எம்.ஆர்.பி.யை பார்க்கவே பார்க்காதீங்க, ஒரு சைட்ல நான் கார்ட்ல போட்டு வச்ச செட்டு, சேலுக்கு முந்தின வாரம் விலை ஏறி, சேல் அன்னைக்கு "40 சதவீதம் தள்ளுபடி"ன்னு பழைய விலைக்கே வந்து நின்னுச்சு. கீப்பா மாதிரி விலை வரலாறு காட்டுற டூல்ல பாருங்க, குட்டு உடைஞ்சிடும். அப்புறம் விலையை பீஸ் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. சினிமா கேரக்டர், ரேஸ் கார் போட்ட செட்டுல பேருக்கும் சேர்த்து காசு குடுக்குறீங்க, கிளாசிக் டப்பால வெறும் கல்லுக்கு மட்டும்தான். பசங்க விளையாட கிளாசிக்தான் சரி.

பழைய லெகோ கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், 1958ல பேட்டன்ட்டுக்கு அப்ளை பண்ணின கல்லும் இன்னைக்கு வர்ற கல்லும் ஒன்னோட ஒன்னு சேரும். வெளிநாட்டுல இருந்து திரும்பின குடும்பங்க அபார்ட்மென்ட் குரூப்ல கிலோ கணக்குல தள்ளிவிடுவாங்க. சோப்புத் தண்ணில அலசினா போதும், சுடுதண்ணி மட்டும் வேணாம், வளைஞ்சிடும்.

ஃப்ரீ விஷயத்துக்கு வருவோம். "ஒன்னு வாங்கினா ஒன்னு ஃப்ரீ"ல வர்ற அந்த இன்னொன்னு ஒரு மாசம்கூட தாங்காத விசில் துப்பாக்கிதான். உண்மையான ஃப்ரீ வேற. லெகோ வெப்சைட்ல செட்டு நம்பர் போட்டா கட்டுற முறை பிடிஎஃபா காசில்லாம கிடைக்கும், இப்ப விக்காத பழைய செட்டுங்களுக்கும் நிறைய இருக்கு. ரீபிரிக்கபிள்னு ஒரு சைட், உங்ககிட்ட இருக்கிற செட்டை போட்டா அதே கல்லுல வேற என்னென்ன கட்டலாம்னு காட்டும், நிறைய டிசைன் இலவசம். நாராயண முதலி தெரு கல்லு லெகோ சைஸ்ல இருந்தா அதுலயும் கட்டிக்கலாம், கலர்தான் கன்னாபின்னான்னு வரும், எங்க வீட்ல ஊதா கலர் ஃபயர் இன்ஜின் ஓடுது.

நடுவுல ஒன்னு, பொம்மைன்னா வெளிநாடுன்னு நெனைக்கிறவங்களுக்கு: டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப். 1946ல நம்ம திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செஞ்சுதான் ஆரம்பிச்சாங்க, ஃபன்ஸ்கூல்ங்கிற பொம்மை கம்பெனி அவங்களோடதுதான். கொஞ்சம் பெரிய பசங்கன்னா நட்டு போல்ட்டு போட்டு முடுக்குற மெக்கானிக்ஸ் பிராண்ட் மாதிரி மெட்டல் செட்டும் பாருங்க, ஸ்பேனர் கையில குடுத்தா ஒரு சாயங்காலம் வீடு அமைதியா இருக்கும்.

தெருவோட மைனஸ்: மாத்தித் தர மாட்டாங்க, அதனால பீஸ் குறையுதான்னு அங்கேயே பாருங்க, பில்லு கேட்டா மூஞ்சி மாறும், ஆனா கேளுங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, முக்கால்வாசி ஷட்டர் மூடி இருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல வெளியூர் வியாபாரிங்கதான் அங்க ராஜா, அரை டஜன் கேக்குற நம்மள ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். சாதாரண வாரத்துல காலைல பதினோரு மணிக்கு மேல போனா கடைப் பையனே நாலு டப்பா எறக்கி காட்டுவான், நல்ல பெரிய பையா ஒன்னு எடுத்துட்டுப் போங்க, அங்க குடுக்குற கவரு ஹைகோர்ட் ஸ்டேஷன் வரைக்கும் தாங்காது.