கம்பள வண்டா, தோல் வண்டா: வளர்ப்பதற்கு ஏற்றது எது?

இறகு, கம்பளி, மயிர், காய்ந்த தோல் போன்றவற்றைத் தின்று வாழும் டெர்மெஸ்டிட் குடும்பத்து வண்டுகளை வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே நாடுகின்றனர். ஒன்று, 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மட்டுமே வளரும் கம்பள வண்டாகிய ஆந்த்ரீனஸ் வெர்பாஸ்கி. மற்றொன்று, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை வளர்வதும் அருங்காட்சியகங்களில் எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்யப் பயன்படுவதுமான தோல் வண்டு, அதாவது டெர்மெஸ்டிஸ் மாகுலேட்டஸ். நோக்கம் வேலை வாங்குவதா, வேடிக்கை பார்ப்பதா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வேகத்தில் தோல் வண்டுக்கு நிகரில்லை. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டாவதற்குச் சில வாரங்களே போதும். கம்பள வண்டுக்கோ ஓராண்டு ஆகும், சில வேளைகளில் இரண்டாண்டும் ஆகும். ஆனால் அந்தத் தாமதத்தில்தான் அதன் சிறப்பே இருக்கிறது. வெப்பநிலையும் வெளிச்சமும் மாறாமல் வைத்திருந்தாலும், ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இப்புழுக்கள் அலை அலையாகக் கூட்டுப்புழுக்களாகின்றன என்பதை ஆய்வாளர் ஜி. எம். பிளேக் 1950களின் இறுதியில் காட்டினார். பூச்சிகளுக்குள்ளும் ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த தொடக்ககாலச் சான்றுகளில் அது ஒன்று. பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல வளர்ப்பு வண்டு இல்லை என்பது என் எண்ணம்.

உணவு, நாற்றம் ஆகிய இரண்டிலும் கம்பள வண்டே மேல். சிறிது இறகும் இறந்த பூச்சிகளும் இட்டால் அதன் புழுக்கள் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். வளர்ந்த வண்டுகள் மகரந்தத்தையும் வெளிச்சத்தையும் தேடிப் போகும். தோல் வண்டுக்கு உலர்ந்த இறைச்சி வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சையும் உண்ணிகளும் பெருகும், தீனி குறைந்தால் புழுக்கள் தம் இனத்துக் கூட்டுப்புழுக்களையே தின்னும். நாற்றத்தைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை, குடியிருக்கும் அறையில் வைக்கக்கூடியது அன்று.

உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால் கம்பள வண்டின் புழுவே கண்ணை இழுக்கிறது. தூரிகை நுனியால் மெல்லத் தொட்டதும், வால்பக்கத்தில் மடிந்து கிடந்த மயிர்க்கற்றைகள் விசிறி போல விரிகின்றன. ஒவ்வொரு மயிரின் நுனியும் அம்புமுனை வடிவில் இருப்பதால், தாக்க வரும் சிறு பூச்சிகளின் உடலில் அது சிக்கிக்கொள்கிறது. வளர்ப்பவருக்கும் தொல்லை தருவது இதே மயிர்தான். உதிர்ந்து தூசியோடு கலந்து அரிப்பையும் தும்மலையும் உண்டாக்கக்கூடியது என்பதால், பெட்டியைத் திறக்கும்போது முகக்கவசம் அணிவது நல்லது. இன்னொன்று, புழுக்கள் உரித்துப்போட்ட தோல்கள் உருவம் குலையாமல் கிடப்பதால், காலியாகிவிட்ட பெட்டியும் நிறைந்திருப்பது போலவே தோன்றும்.

தப்பிச் செல்வதைத் தடுப்பதில்தான் உண்மையான போட்டி. தோல் வண்டின் முதிர்ந்த புழு கூட்டுப்புழுவாக இடம் தேடி மரத்தையும் தெர்மாகோலையும் துளைக்கும். ஆகவே வழவழப்பான கண்ணாடித் தொட்டியையே பயன்படுத்த வேண்டும், துளைப்பதற்கென்று உள்ளேயே ஒரு தெர்மாகோல் துண்டை இட்டுவைக்கலாம். கம்பள வண்டு எதையும் துளைத்துக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை. முட்டையிலிருந்து அப்போதே வெளிவந்த புழு, சாதாரண வலைத்துணியின் கண்களுக்குள் நுழைந்துவிடும் அளவுக்கு நுண்ணியது. தோல் வண்டு தப்பினால் கண்ணில் படும். கம்பள வண்டு தப்பியது, கம்பளி ஆடையில் ஓட்டை விழுந்த பிறகே தெரியும். வீட்டில் கம்பளியோ, பட்டோ, பாடம் செய்த பூச்சித் தொகுப்போ இருப்பவர்கள், நாற்றமில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் கருங்கம்பள வண்டு, அதாவது அட்டாஜீனஸ் யூனிகலர், இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொன்பழுப்பு நிறமும் நீண்ட வால்மயிரும் கொண்ட அதன் புழு சற்றுப் பெரியது. அம்புமுனை மயிர்கள் அதற்கு இல்லை. வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும், துணியைத் தின்னும் குணமும் குறையாது, ஆயினும் தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டு இதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், பல நாடுகளில் தொற்றுக்காப்புத் தடைக்கு உள்ளானது என்பதால் அதைத் தொடவே வேண்டாம். எதை வளர்த்தாலும், பெட்டியை விட்டு வெளியே வரும் எலும்பு, இறகு, கழிவு அனைத்தையும் உறையில் இட்டு மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரங்கள் உறையவைத்த பிறகே வீட்டுக்குள் எடுத்துவர வேண்டும்.